கெட்டி அட்டை போட்ட மனுக்கள்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு செய்த அடுத்த பெரிய காரியம், குடிநீர் அலுவலகத்தில் வாசிப்புப் பலகை மாட்டியதுதான். நடுவில் நடந்ததெல்லாம் சில்லறை. பலகையில் மூன்று கட்டங்கள்: ‘படித்து முடித்தது’, ‘படித்துக்கொண்டிருப்பது’, ‘படிக்கவிருப்பது’. ஊழியர் ஒவ்வொருவரும் திங்கள்கிழமைதோறும் நிரப்பியாக வேண்டும். ‘அறிவார்ந்த அலுவலகம்’ என்ற பட்டத்தின் மேல் அதிகாரிக்கு ஒரு கண்.

எல்லோரும் வெளுத்துக் கட்டினார்கள். மீட்டர் கணக்கெடுப்பவர் நேராகத் தத்துவத்தில் இறங்கிவிட்டார். தட்டச்சர் அம்மா ஒரே வாரத்தில் நான்கு நாவல்களை முடித்து, அவற்றின் அட்டைகளைப் பற்றி மிக ஆழமாகப் பேசினார்.

மனுப் பிரிவு எழுத்தர் மட்டும் மூன்று கட்டங்களிலும் ‘மனுக்கள்’ என்று எழுதிவைத்தார். பாவம், பிழைக்கத் தெரியாதவர். வருகிற மனுவை முதல் வரியிலிருந்து கையெழுத்து வரை படிப்பார். படித்ததும் மனசு கேட்காது, குழாய் ரிப்பேர்க்காரரை அனுப்பிவிடுவார். இந்தக் கெட்ட பழக்கத்தால் பல தெருக்களில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

அதிகாரி அவரைக் கூப்பிட்டனுப்பினார். “ஏங்க, நாலு பேர் வந்து பாக்குற பலகை. மனுவெல்லாம் ஒரு புத்தகமா? அட்டை இருக்கா? முதுகுல பேர் இருக்கா?”

எழுத்தர் கூனிக் குறுகிப் போனார். இருபது வருஷத்தில் யாரும் அவரை இப்படி நிற்கவைத்துக் கேட்டதில்லை. மறுநாளே எழுநூறு பக்கத்தில் ஒரு புத்தகம் வாங்கிவந்து, ஆபீஸ் நேரம் முழுவதும் கண்ணும் கருத்துமாகப் படிக்கத் தொடங்கினார். மனுக்கள் குவிந்தன. அவற்றையும் அவர் கைவிட்டுவிடவில்லை. நூற்றுப்பன்னிரண்டு மனுக்களைச் சேர்த்துத் தைத்து, கெட்டி அட்டை போட்டு, முதுகில் பொன்னெழுத்தில் ‘தொகுதி ஒன்று’ என்று பொறித்து, கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார். ‘படிக்கவிருப்பது’ கட்டத்தில் முறைப்படி ஏற்றினார். அதிகாரி முதுகில் தட்டிக்கொடுத்தார். பட்டமும் வந்து சேர்ந்தது.

நான்கு மாதம் கழித்துத் தையல்காரம்மா ஒருவர் வந்தார். குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை என்று ஆறு மனு போட்டவர். எழுத்தர் பெருமையோடு அலமாரியைக் காட்டினார்.

“உங்களுது ஆறும் உள்ளேதாம்மா இருக்கு. நல்ல பைண்டிங்.”

“படிச்சீங்களா?”

கையிலிருக்கும் புத்தகத்தில் அறுநூற்றுப் பத்தாம் பக்கத்தில் இருப்பதாகவும், அடுத்தது அவருடையதுதான் என்றும் எழுத்தர் உறுதி சொன்னார்.

“அவசரமில்ல, நிதானமாப் படிங்க,” என்றார் அந்த அம்மா. “எத்தன நாளுக்குக் குடம் தூக்குறது? வீட்டக் காலி பண்ணிட்டோம். எங்க தெருவுல இப்ப யாருமே இல்ல. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

எழுத்தரின் கை தானாக அலமாரிச் சாவியைத் தேடியது. அதற்குள் அதிகாரி அறையிலிருந்து வெளியே வந்துவிட்டார். அவர் முகத்தில் உண்மையான வேதனை தெரிந்தது.

“என்னம்மா நீங்க, நாங்க படிக்கிறதுக்குள்ள முடிவச் சொல்லிட்டீங்க. இனிமே அத யாரு படிப்பா?”

பிறகு தம் கையாலேயே சாக்பீஸை எடுத்து, ‘தொகுதி ஒன்று’ என்பதை ‘படித்து முடித்தது’ கட்டத்துக்கு மாற்றினார்.