உப்புக்குக் குளிர் ஆகாது

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும், தண்ணீர் ஊற்றச் சொல்லி என்னிடம் ஒப்படைத்துப் போன தங்கள் தொட்டிச் செடிகளும் நலம். மூத்த மகள் வீட்டில் தாங்களும் சம்பந்தியம்மாளின் முழங்காலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தங்கள் மருமகளின் கவனக்குறைவால் சூரிய மின் நிலையமே நின்றுபோனது என்று யாரோ தங்கள் காதில் போட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து மாமா போனில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று என் மகள் கண் கலங்குகிறாள். பெற்ற மனசு கேட்கவில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், கோபப்படுவதானால் என்மேல் படுங்கள்.

குடும்பத்தாருக்குச் சுற்றிக்காட்டும் நாள் என்று, தான் வேலை பார்க்கும் அந்த நிலையத்துக்கு என்னையும் கூட்டிப் போனாள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை கண்ணாடிகள், எல்லாம் வெயிலைப் பிடித்து ஒரே கோபுரத்தின் உச்சியில் வீசுகின்றன. அங்கே உருகிய உப்பு ஓடி அந்தச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. சமையல் உப்பு இல்லை, உரமூட்டையில் வருகிற ஜாதி. கோபுரத்துத் தலை வெந்துபோகாமல் காப்பதும் அதுதான், சூட்டைத் தொட்டியில் சேர்த்துவைத்துப் பொழுது சாய்ந்த பிறகு கரண்ட் கொடுப்பதும் அதுதான். புது மாதிரி அணு உலைகளில்கூட இதையே ஓடவிடப் பார்க்கிறார்களாம். பேரென்னவோ குளிர்விக்கும் திரவம், ஆனால் அது குளிர்ந்தால் குடி முழுகிப்போகும், கல்லாக உறைந்துவிடும். அதனால் குழாய் நெடுக ஹீட்டர் கம்பி சுற்றி வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் அவள் விளக்கியபோது கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், கண் மட்டும் சுவரில் அந்த ஹீட்டர் சுவிட்சில் எரிந்த சிவப்பு விளக்கின் மேல் இருந்தது.

என் சுபாவம் தங்களுக்குத் தெரியாததா? கல்யாணத்தன்று மாப்பிள்ளை குளித்துக்கொண்டிருக்கும்போதே வெந்நீர்ச் சுவிட்சை அணைத்தவன் நான். கொளுத்துகிற வெயிலில் ஹீட்டர் எதற்கு என்று போகிற போக்கில் தட்டிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. சாப்பாட்டு மணி என்று நினைத்து வந்திருந்த குடும்பங்களையெல்லாம் நானே கேண்டீன் பக்கம் ஓட்டிப் போனேன், அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆட்கள் ஓடி வருவதற்குள் குழாயில் உப்பு இறுகிவிட்டது.

மேலாளர் பதறிப்போய் குழாயின் நடுவில் சூடு வைக்கச் சொன்னார். அப்போது தங்கள் மருமகள் குறுக்கே போய் நின்றாள். “நடுவுல சூடு வெச்சா உருகுற உப்பு விரியறதுக்கு இடமில்லை சார், குழாய் வெடிச்சிரும். திறந்த முனையிலேருந்து ஓரம் ஓரமா இளக்கணும்.” சொன்னபடி பக்கத்திலேயே உட்கார்ந்து பொறுமையாக இளக்கினாள். மறுநாள் உப்பு ஓடியது, குழாயில் ஒரு கீறல் இல்லை.

விசாரணையில் யார் அணைத்தது என்று கேட்டார்கள். என்னைக் காட்டிக்கொடுக்காமல், ஹீட்டரைக் கவனிக்காமல் விட்டவள் நான், தப்பு என்னுடையது என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “இனிமே எந்தச் சுவிட்சுலயும் கை வைக்க மாட்டேன்னு சொல்லுங்கப்பா.” அவள் தலைமேல் சத்தியம் செய்துகொடுத்தேன். இப்படிப்பட்ட பெண்ணிடம் தாங்கள் பழையபடி பேச வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும் சொல்லவும்.

தங்கள் அன்புள்ள,
சம்பந்தி

பி.கு.: ஆளில்லாத வீட்டில் தங்கள் ஸ்டோர் ரூம் பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. திறந்து பார்த்தால் சம்பந்தியம்மாள் சேர்த்துவைத்த மீனும் கறியும் அந்தக் குழாய் உப்பைவிட மோசமாக இறுகிக் கிடக்கின்றன. நான் சத்தியம் மீறவில்லை, கை வைக்காமல் அதன் சுவிட்சைக் குடைக்காம்பால்தான் தட்டினேன். அவசரப்படாமல் மூடியைத் திறந்து வைத்திருக்கிறேன். ஓரம் ஓரமாக இளகி இப்போது கூடம் வரை ஓடி வந்துவிட்டது. மருமகளுக்குப் போன் செய்யும்போது, எல்லாம் அவள் சொல்லிக்கொடுத்த முறைப்படிதான் நடந்தது என்று ஒரு வார்த்தை பாராட்டுங்கள்.