வால் பிடித்துப் பிழைத்தேன்

ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில் ஜொகூர் பாரு முழுவதிலும் பயம் என்றால் என்னவென்று தெரியாத ஒரே மனிதர் விர்ர் அண்ணன்தான். துருவுக்கு மட்டும்தான் பயப்படுவார். ஊரில் மிச்சமிருந்த பயத்தையெல்லாம் நான் மொத்தமாக எடுத்துக்கொண்டேன்.

அவருடைய சொந்தப் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. எங்கள் பலகை வீட்டு வரிசையில் கடைசி வீடு. மின்விசிறியோ துளை போடும் டிரில்லோ, எதைக் கொண்டுபோனாலும் முதலில் காதை வைத்துக் கேட்பார். "விர்ர்ன்னு சொல்லணும். இது கொர்ர்ன்னு சொல்லுது. சளி புடிச்சிருக்கு" என்பார்.

வெள்ளிக்கிழமை நாங்கள் கோயிலுக்குப் போவோம். அவர் தன்னுடைய டிரில்லைப் பிரித்துப் போடுவார். சைக்கிள் பம்பால் தூசியை ஊதுவார், பற்சக்கரத்துக்குச் செம்பனை எண்ணெய் தடவுவார். நாடே மரவள்ளிக்கிழங்கை வெறும் தண்ணீரில் வேகவைத்துத் தின்ற நேரம் அது. அண்ணி தலையில் அடித்துக்கொள்வார்.

"தாளிக்க ஒரு சொட்டு இல்ல, இதுக்கு அபிஷேகமா?"

"எனக்குப் பல்லு தேஞ்சா கஞ்சி குடிப்பேன். அதுக்குத் தேஞ்சா அது என்னத்தக் குடிக்கும்?"

டிரில்லை யாராவது வயரைப் பிடித்துத் தூக்கிவிட்டால் தீர்ந்தது. "வாலப் புடிச்சா தூக்குற? எலியா அது?"

நான் அப்போது ஜப்பானியரின் படகுப் பட்டறையில் ஸ்டோர் கணக்கு எழுதும் கிராணி. கல்யாணமான புதிது. ஒருநாள் பட்டறையில் இருந்த ஒரே டிரில் நின்றுபோனது. ஆபீசர் என்னைக் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னார்: "பேசோக் மெஷின் ஹிடுப். தா ஹிடுப், லூ பெர்கி சியாம்."

நாளைக்கு மெஷினுக்கு உயிர் வரவேண்டும். வராவிட்டால் நான் சயாமுக்கு, மரண ரயில் பாதை போட. அங்கே போன எங்கள் ஆட்கள் யாரும் அதுவரை திரும்பவில்லை. நான் குனிந்து வணங்கிய வணக்கத்தில் என் கால்சட்டையின் பின்பக்கத் தையல் எனக்கே தெரிந்தது.

டிரில்லைப் பிள்ளை மாதிரி தூக்கிக்கொண்டு அண்ணனிடம் ஓடினேன். பிரித்துப் பார்த்துச் சிரித்தார்.

"சாகலடா. உள்ள ரெண்டு கரித்துண்டு இருக்கும், சுத்துற தாமிரத்த ஒரசிக்கிட்டே. அது தேஞ்சு போச்சு, அவ்வளவுதான்."

"புதுசு?"

"வெள்ளக்காரன் கப்பல்ல வரும். போய்க் கூட்டியாறியா? செத்த டார்ச் பேட்டரி நடுவுல கரிக்குச்சி இருக்கும், அத ராவிப் போட்டுரலாம். வீடு வீடாப் போய்க் கேளு."

போனேன். பதற்றத்தில் பேட்டரியை மறந்துவிட்டேன். எதையும் கிசுகிசுவென்று பேசியே பழகிய காலம். ஒவ்வொரு கதவிலும் வாயை வைத்து, "கரி... விர்ர் அண்ணன் வீட்டுல... சீக்கிரம்!" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினேன். எழுதிக் காட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். சின்ன 'ரி'யா பெரிய 'றி'யா என்று எங்கள் ஊர் வாய்க்கு என்றைக்குத் தெரிந்தது?

நான் திரும்பியபோது வரிசை வீடு மொத்தமும் அண்ணன் வாசலில் கிண்ணத்தோடு நின்றது. எதிர்வீட்டு மீனாட்சி அக்கா குண்டானே கொண்டுவந்திருந்தார்.

"ஆடா, காட்டுப்பன்னியா?"

"எதுவா இருந்தா என்னலா, எலும்பு எனக்கு!"

அண்ணன் வெளியே வந்தார். "கறி இல்லீங்க. கரி! செத்த பேட்டரி!"

மீனாட்சி அக்கா விடுவிடுவென்று வீட்டுக்குப் போனார். வெயிலில் காயவைத்தால் பேட்டரிக்கு உயிர் வரும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். தகரக்கூரையில் காய்ந்துகொண்டிருந்ததை எடுத்துவந்து என்மேல் வீசினார். "இந்தா, கொழம்பு வெய்யி!"

நெற்றியில் பட்டது. அண்ணன் பதறி ஓடிவந்து தடவிப் பார்த்தார், பேட்டரியை. "நல்லவேளை, நசுங்கல."

உடைத்தார், கரிக்குச்சியை உப்புத்தாளில் ராவினார், பொருத்தினார். விர்ர்ர். கிண்ணக்காரர்கள் கறியை மறந்து கை தட்டினார்கள்.

மறுநாள் தைரியத்துக்கு அண்ணனையும் பட்டறைக்கு அழைத்துப் போனேன். டிரில் ஓடியது. ஆபீசர் சிரித்தார். சிரித்துக்கொண்டே என்னைக் காட்டி, "இவன் சியாம்" என்றார். ரயிலுக்கு ஆள் குறைகிறதாம். நான் அண்ணன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

அண்ணன் நிதானமாகக் குனிந்து வணங்கிவிட்டு நிமிர்ந்தார். "துவான், இனி ஓராங் பெகாங் ஏக்கோர். தா பெகாங், மெஷின் மாத்தி." அதாவது, இவன்தான் வால் பிடிக்கிறவன், பிடிக்காவிட்டால் மெஷின் செத்துவிடும்.

வயரை என் கையில் திணித்தார். விர்ர். "விடுடா" என்றார். விட்டேன். அவர் விரலும் சுவிட்சை விட்டது. சத்தம் நின்றது. பிடித்தேன், விர்ர். விட்டேன், நின்றது. ஆபீசர் என் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஏதோ சாமியார் கையைப் பார்ப்பதுபோல. அன்றுமுதல் எனக்கு அதுதான் உத்தியோகம். ஜப்பான்காரன் ஊரைவிட்டுப் போகும்வரை பிடித்தேன். அந்தக் காலத்தில் வால் பிடித்துப் பிழைத்தவர்கள் பல பேர். அதை ஒளிக்காமல் சொல்லிக்கொள்கிறவன் நான் ஒருவன்தான்.

இப்போது என் வீட்டுச் சுவரில் துளை போடுவது என் மனைவி. நான் பக்கத்தில் வயரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

"விட்டாலும் ஓடும்ங்க" என்பாள்.

ஓடும், தெரியும். எனக்குத்தான் விட மனசு வருவதில்லை.