முந்தானையில் முடிந்த மாத்திரை

என் ஈரல் கெட்ட கதை உனக்கு எதற்கடி? காலேஜுக்குப் போகிற பெண், பாடப் புத்தகத்தைத் திறக்காமல் பாட்டி வயிற்றைத் திறந்து பார்க்கிறாய். சரி, கேள். உன் தாத்தாவிடம் மட்டும் மூச்சு விடாதே.

கடப்பாக்கம் மீன் மார்க்கெட்டில் நாங்கள் வெற்றிலையைப் போல வலி மாத்திரையையும் மாற்றிக்கொள்வோம். நாள் முழுக்கக் குந்தி மீன் விற்றால் முட்டி என்னாவது? ஒருத்தி மஞ்சள் நீட்டுவாள், இன்னொருத்தி சிவப்பு நீட்டுவாள். நான் எதையும் வேண்டாம் என்றதில்லை. (மரியாத தெரிஞ்சவ நானு.)

ஒருநாள் கண் மஞ்சளாகிவிட்டது. செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

"வேற எதுனா மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டாள்.

"மாத்திரயா? அந்த வாசனயே எனுக்கு ஆவாதும்மா!"

முந்தானை முடிச்சில் இருபது மாத்திரை இருந்தது. பிடுங்கிக்கொண்டால் மறுபடி எப்படிக் குந்துவேன்? திருட்டுத்தனமாக விழுங்கிக்கொண்டே இருந்தேன். ரத்தப் பரிசோதனையில் ஈரல் கணக்கு ஏறிக்கொண்டே போனது. ஐந்தாம் நாள், "உயிருக்கே ஆபத்து, மெட்ராசுக்கு அனுப்பணும்" என்றார்கள்.

உன் தாத்தா தலையில் அடித்துக்கொண்டார். "குடிச்சதெல்லாம் நானு, படுத்துக்கினது நீயா!"

அன்று பக்கத்துக் கட்டில் படூர்க்கார அம்மா, முட்டி வலி என்று முனகினாள். மார்க்கெட் கை சும்மா இருக்குமா? முடிச்சை அவிழ்த்தேன்.

"செவப்பு வோணுமா, மஞ்சளா?"

பின்னால் நர்ஸ்.

"ஆயா! இன்னா இது?"

டாக்டரம்மா எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டிப் பார்த்தாள். "நாலு கலரு, உள்ள ஒரே மருந்து! அளவு மீறினா ஈரல் காலி. எப்பப்போ போடுவீங்க?"

"வலிக்கும்போது."

"எப்ப வலிக்கும்?"

"எப்பவும்."

வார்டே சிரித்தது. படூர் அம்மா மட்டும் கட்டிலைத் தள்ளிப் போடச் சொன்னாள்.

மாத்திரை நின்றது. மெட்ராசுக்குப் போகாமல் அங்கேயே வைத்தியமும் நடந்தது. அதிலிருந்து நாலாம் நாள் நர்ஸ் ரிப்போர்ட்டோடு ஓடி வந்தாள். "பாதியா எறங்கிடுச்சி ஆயா!"

வலை கிழிய மீன் விழுந்த மாதிரி இருந்தது எனக்கு. கட்டிலை விட்டுக் குதித்தேன். (முட்டி வலிச்சிது. வாயத் தொறக்கல.)

வீட்டு வாசலில் தெருவே காத்திருந்தது. "யக்கா, ஈரலாமே! நீயுமா குடிச்சே?"

மாத்திரைத் திருடி என்று சொல்லிக்கொள்ள முடியுமா? பக்கத்தில் உன் தாத்தா நின்றிருந்தார். அவர் அன்று விட்ட குடிதான், இன்றுவரை தொடவில்லை. நம் தெருவில் எவன் பாட்டிலோடு வந்தாலும், "என் ஈரல வுட்டுடுய்யா!" என்று அவன் பெண்டாட்டி கத்துகிறாளே, அதுவும் என் கைங்கரியம்தான். நான் சொன்னது இவ்வளவுதான்:

"நானா குடிச்சேன்? முப்பது வருசமா இந்தாளு குடிச்சிது. ஒரே தட்டுல துண்றோம், ஒரே பாயில படுக்கறோம். அத்தினியும் எனுக்கு எறங்கிடுச்சின்னு டாக்டரம்மாவே சொல்லிச்சி!"