ஆட்டுக்கு நான்கு வரி

நவம்பர் 1901

பத்திரிகை ஆசிரியர் ஐயாவுக்கு, கல்லூரி மைதானத்து ஏபெல் ஸ்ட்ரௌட் தொப்பியைக் கழற்றிவிட்டு எழுதுவது.

கையெழுத்து மேடும் பள்ளமுமாக இருப்பதற்கு மன்னிக்கவும். மைதானத்தில் நூல் பிடித்த மாதிரி சுண்ணாம்புக் கோடு போடுகிற கைதான்; பேனா என்றால் கோணிக்கொள்கிறது. அறுபத்தெட்டு வயதில், பாதிரியார் மனைவி திருமதி பெல்லோஸிடம் எழுத்துக் கற்றேன். இப்போது மாவு மூட்டை, மருந்துப் புட்டி, கல்லறைக் கல் எதையும் படிக்காமல் விடுவதில்லை. அப்படி ஓர் ஆனந்தம், உங்கள் பத்திரிகையைப் படிக்கும்வரை.

“ஒன்பது ஆட்டம், ஒன்பதும் வெற்றி, நம் எல்லைக்கோட்டை எதிரி ஒருவனும் தாண்டவில்லை” என்று நம் கல்லூரிக் கால்பந்து அணியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோட்டைப் போட்டது யார் ஐயா? மூன்றாவது ஆட்டத்தில் மழை கொட்டி, கோடு கரைந்து, எதிரணித் தடியன் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிவந்து சேற்றில் விழுந்தபோது நடுவர், “யோவ் பெருசு, கோடு எங்கய்யா?” என்று கத்த, நான் தொப்பியில் சுண்ணாம்பை அள்ளிக்கொண்டு ஓடி அதே இடத்தில் கொட்டிக் காட்டினேன், பந்து கோட்டைத் தாண்டாமல் ஒரு சாண் முன்னாலேயே கிடந்தது. அதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. நான் போட்ட கோட்டை நக்கித் தின்கிற, அணியின் ராசி ஆட்டுக்கு நான்கு வரி!

இதைவிடக் கசப்பு ஒன்று உண்டு. திங்கட்கிழமைதோறும் அணித்தலைவன் ஹோரஸ் வெண்டெல் பையன்களோடு என் கொட்டகைக்கு வந்து பத்திரிகையை விரிப்பான். “பெருசு, இந்த வாரமும் நீங்கதான்! ‘ஸ்ட்ரௌட் போட்ட கோட்டைப் பாத்தாலே எதிரிக்குக் கால் நடுங்குது’ன்னு போட்டிருக்கான்.” “இன்னொருவாட்டி படிடா.” “மொதல்ல தட்டை இப்படித் தள்ளுங்க.” நான் சுட்ட இனிப்பு வடைகள் தீர்ந்ததும், அந்தப் பகுதியை வெட்டிக் கொடுத்துவிட்டுப் போவான். ஒன்பது துண்டுகளையும் பைபிளுக்குள் வைத்திருந்தேன். நேற்று முதல் முறையாக நானே படித்தேன். நான்கில் பன்றி விலை. மூன்றில் வயிற்றுப்போக்கு மாத்திரை. இரண்டில் பெண்கள் இடுப்புக் கச்சை!

ஆகவே என் பெயரை அச்சிட்டு நியாயம் செய்யுங்கள். அடுத்த வாரமும் எழுதுவேன். அதற்குள் பெயர் வந்திருந்தால் திட்டாமல் எழுதுவேன். உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கட்டும்.

ஏபெல் ஸ்ட்ரௌட்

பின்குறிப்பு: இதை அச்சிட்டுவிடாதீர்கள். எனக்குப் படிக்கத் தெரியும் என்று பையன்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். இன்னும் ஒரு ஆட்டம் இருக்கிறது. ஒரு திங்கட்கிழமை பாக்கி. மாவு பிசைந்து வைத்துவிட்டேன். ஹோரஸ் அளவுக்கு உங்களுக்கு எழுத வராது.