துண்டு சார் தோற்ற கதை

காரைக்குடியில் கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்துச் சம்பளம் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் துண்டு சார்தான். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வேலையே பார்க்காமல் சம்பளம் வாங்கியவர்கள் அதே அலுவலகத்தில் உண்டு. அவர்களைப் பற்றி எழுத இந்தப் பத்தி போதாது.

ஆசிரியர்களுக்கு இணையவழிப் பயிற்சி தயாரிக்கும் மையம் அது. பார்வை இல்லாத பிள்ளை, காது கேளாத பிள்ளை, குறை எதுவும் இல்லாத பிள்ளை என எல்லாரும் ஒன்றாக உட்காரும் வகுப்பில் கணினியையும் கைப்பேசியையும் வைத்து எப்படிப் பாடம் நடத்துவது என்பதுதான் பயிற்சி. நாங்கள் தயாரிப்போம். தேறுமா தேறாதா என்று பார்த்துச் சொல்வது துண்டு சார்.

இந்த வேலைக்கு மேலிடத்திலிருந்து ஒரு மதிப்பீட்டுத் தாள் வரும். 'நோக்கம் தெளிவாக உள்ளதா?' ஒரு டிக். 'ஆர்வம் ஊட்டுகிறதா?' இன்னொரு டிக். துண்டு சார் அந்தத் தாளின் மேல் டீ கிளாஸை வைப்பார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கண்ணை இறுக்கிக் கட்டுவார். திரையில் இருப்பதைக் கைப்பேசியே வாய்விட்டு வாசிக்கும் வசதியை முடுக்கிவிட்டு, பயிற்சியைத் தடவித் தடவிச் செய்வார். கட்டோடு செய்து முடித்தால் பயிற்சி தேறியது. நடுவில் முடியாமல் அவிழ்த்தால் போச்சு. "துண்டை அவுத்துட்டேன்த்தா" என்று அவர் சொல்லிவிட்டால், அந்த வாரம் நமக்குச் சோறு தண்ணி இறங்காது.

ஏன் இப்படிச் செய்கிறார் என்பதற்கு ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். பார்வை இல்லாத தங்கை ஒருத்தி இருந்ததாகக் கணக்குப் பிரிவு அம்மா கண் கலங்கச் சொல்வார். ஒருநாள் நான் நேராகவே கேட்டுவிட்டேன்.

"தங்கச்சியா? எனக்கு அண்ணந்தானே இருக்காரு! கண் டாக்டரு திரையப் பாக்குறதக் கொறைங்கன்னாரு. சரின்னு கட்டிக்கிட்டேன். கட்டுன பெறகுதான் தெரிஞ்சது, நீங்க செய்யிறது ஒண்ணும் வெளங்கலன்னு."

கண்ணுக்கு அடுத்தது காது. இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு வீடியோ பார்ப்பார். பேச்சுக்குக் கீழே எழுத்து ஓடாவிட்டால் அதுவும் தேறாது. ஒருமுறை எங்கள் அதிகாரி அம்மா பின்னால் நின்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போய், கடைசியில் அவர் முன்னால் வந்து நின்று சத்தம் போட்டார். சார் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அம்மா, நீங்க பேசுறதுக்குக் கீழயும் எழுத்து ஓட மாட்டேங்குதே!"

அதோடு விட்டாரா? வகுப்பு இரைச்சலில் பாடம் கேட்குமா என்று பார்க்க மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு புதுவயலுக்குப் போனார், ஓடுகிற அரிசி ஆலைக்குள். கூட நானும் போனேன். மூட்டை மேல் கணினியை வைத்து வீடியோவை ஓடவிட்டதும் லோடுமேன்கள் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"ஏங்க, வீடியோவுல அந்தம்மா என்ன சொல்றாக?" என்றார் ஒருவர்.

"அதத்தாங்க நானும் கேட்டுக்கிட்டிருக்கேன்."

"எங்க மொதலாளியப் பேசச் சொல்லுங்க. எத்தன மெசின் ஓடுனாலும் அவரு குரலு மட்டும் எங்களுக்குக் கேட்டுரும்."

வீடியோ தேறவில்லை. அந்தக் கணினியைக் கவிழ்த்தால் அதற்குப் பிறகும் ரொம்ப நாள் உமி கொட்டியது.

இதெல்லாம் எனக்கு வேடிக்கையாக இருந்தது, என் பயிற்சி அவர் கையில் போய்ச் சேரும்வரை.

ஒக்கூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பழனியம்மாள் டீச்சர் என்று ஒருவர். பிறவியிலிருந்தே பார்வை இல்லை. அவருடைய வகுப்பில் எல்லா வகைப் பிள்ளைகளும் உண்டு. அப்படிப்பட்ட வகுப்பு எடுப்பவர்கள் இந்தப் பயிற்சியை முடித்தே ஆகவேண்டும், முடிக்காவிட்டால் வகுப்பு வேறொருவருக்குப் போய்விடும் என்று அந்த வருடம் உத்தரவு வந்தது. டீச்சர் மையத்துக்குப் போன் செய்தார். எடுத்தது துண்டு சார்.

"இதுவரைக்கும் வந்த பயிற்சியெல்லாம் எங்கொழுந்தன்தான் சார் உக்காந்து முடிச்சாரு. சான்றிதழ்ல எம்பேரு. அவரு உரக்கடை வச்சிருக்காரு, அவருக்கு எதுக்கு சார் இதெல்லாம்? இந்தத் தடவ நானே செய்யணும். என்னால முடியாதமாரி எதையாச்சும் வச்சு எம்புள்ளைகளப் பிரிச்சிராதீக."

அந்தப் பயிற்சியின் கடைசிப் பகுதி நான் செய்தது. பிள்ளைகளுக்கு உதவும் கருவிகளின் படங்களை இழுத்து அதனதன் பெயருக்கு நேரே போட வேண்டும். கலர் கலராக இருக்கும். அதிகாரி அம்மா பார்த்துவிட்டு, "திங்கக்கெழம வெளியிட்டுரலாம், பிரமாதம்!" என்று சொல்லியிருந்தார்.

துண்டு சார் துண்டைக் கட்டினார். கைப்பேசி வாசித்தது: "படம். படம். படம். படம். பொத்தான்."

"இதுல என்னத்தா கேட்டிருக்க?"

"திரையில இருக்குறத வாசிச்சுச் சொல்ற கருவி எதுன்னு கேட்டிருக்கேன் சார்."

கைப்பேசியை என் பக்கம் நீட்டினார். "அந்தக் கருவிய வச்சுத்தானத்தா கேட்டுக்கிட்டிருக்கேன். அதுக்கே அது எங்குட்டு இருக்குன்னு தெரியலயே!"

துண்டு அவிழ்ந்தது. எனக்கு வந்த கோபத்தில் அந்தத் துண்டைப் பிடுங்கி அடுப்பில் போட்டிருப்பேன். நான் போய் முறையிட, அதிகாரி அம்மா பறந்து வந்தார். சார் அசையவில்லை. துண்டை நீட்டி, "ஒரு தடவ நீங்க கட்டிக்கிட்டுச் செஞ்சு பாருங்கம்மா. முடிஞ்சா நாளைக்கே வெளியிட்ருவோம்" என்றார்.

அம்மாவுக்கு ரோஷம் அதிகம். கட்டிக்கொண்டார். தன் கைப்பேசியிலேயே தடவினார், தட்டினார், மறுபடி தட்டினார். பயிற்சி மூடிக்கொண்டது. பிறகு எங்கிருந்தோ ஒரு ஆண் குரல் பணிவாகக் கேட்டது: "அம்மா, வண்டிய எடுக்கவா?" தட்டிய தட்டில் அவருடைய டிரைவருக்குப் போன் போயிருந்தது. அம்மா துண்டை அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டு, வெளியீட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

படங்களையெல்லாம் தூக்கிவிட்டு, கேட்டதும் தட்டுகிறமாதிரி கேள்விகளாக மாற்றி எழுதினேன். துண்டு சார் அதை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு திரும்பத் திரும்பச் செய்தார். எதற்கு என்று அப்போது புரியவில்லை. பயிற்சியோடு பழனியம்மாள் டீச்சரைப் பார்க்க இருவரும் ஒக்கூர் போனபோது புரிந்தது.

"நீங்க ஒரு பக்கம் செய்யிங்க டீச்சர். நானும் கட்டிக்கிட்டு இன்னொரு பக்கம் செய்யிறேன். யாரு மொதல்லன்னு பாப்போம்" என்றார். மனுஷர் பந்தயத்துக்குத் தயாராகி வந்திருக்கிறார்!

டீச்சரின் கைப்பேசி வாசித்த வேகத்தில் எனக்கு அது தமிழாகவே கேட்கவில்லை. சாருடையது நிறுத்தி நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தது. ஜன்னலெல்லாம் பிள்ளைகள்.

"சார், எனக்கு முடிஞ்சிருச்சு. நீங்க?"

"இருங்க டீச்சர்... நாலாவதுலயே நிக்கிறேன்."

டீச்சர் எழுந்து வந்து அவர் கைப்பேசியில் காது வைத்தார். "தள்ளிப் போயிட்டீக சார். பின்னாடி வாங்க. இன்னும் ஒண்ணு. ம், இப்பத் தட்டுங்க."

முடிந்தது. "சார் தோத்துட்டாக!" என்று பிள்ளைகள் போட்ட சத்தத்தில் அந்த ஆலைச் சத்தமெல்லாம் ஒன்றுமில்லை. "இனி எங்கொழுந்தன் உரத்த மட்டும் பாக்கட்டும்" என்று டீச்சர் சிரித்தார். சிரிக்கும்போதே அழுதார். நானும்தான்.

சார் மட்டும் துண்டை அவிழ்க்கவில்லை. "எந்தோளப் பிடிங்க சார், இங்குட்டுப் படி இருக்கு" என்று டீச்சர் அவரை வாசல்வரை கூட்டிவந்து விட்டார். அப்போதும் அவிழ்க்கவில்லை. பஸ்ஸில் ஏறியும் அவிழ்க்கவில்லை. கண்டக்டர் என்னிடம் குனிந்து, "பாவம், பொறவியிலேருந்தேவா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே, மத்தியானத்துலேருந்து."

அவர் எங்களை விட்டு இரண்டு எட்டுத் தள்ளி நின்றுகொண்டார். துண்டு சார் அவர் இருந்த திசையைக் குத்துமதிப்பாகப் பார்த்து, "தோத்துப்போயிட்டேன்யா!" என்று தேர்தலில் ஜெயித்தவர்மாதிரி அறிவித்தார்.

"போதும் சார், அவுத்துருங்க. எல்லாரும் பாக்குறாக" என்றேன்.

"ஊருபோற வரைக்கும் அவுக்க மாட்டேன்த்தா. அவுத்தா ஒம்பயிற்சி தேறாமப் போயிருமுல்ல" என்றார்.

அவருக்குத் தெரியாது என்ற தைரியத்தில், காரைக்குடி வரும்வரை அந்தத் துண்டு கட்டிய முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.