முக்கால் டப்பா

முப்பத்தொரு வருடம் பாலிடெக்னிக்கில் அதிர்வுப் பாடம் நடத்தியவன் நான். என் பேச்சைக் கடைசிவரை கேட்டவர்களை எண்ணினால் ஒரு கை விரலே மிஞ்சும். அந்தக் கையில் என் குடும்பத்தார் ஒருவரும் இல்லை.

பேட்டையில் என் மச்சினன் ஆவுடையப்பன் மாவு மில் வைத்திருக்கிறான். மிஷினை ஓட்டினால் கட்டடமே நடுங்கும். மாடியில் குடியிருக்கும் கட்டடச் சொந்தக்காரர் சாமுவேல் சார், சனிக்கிழமைக்குள் ஆட்டம் நிற்காவிட்டால் காலி செய்யச் சொல்லிவிட்டார். மச்சினனுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

நான் சும்மா இருப்பேனா? (ஓய்வு பெற்று நான்கு மாதம், கை அரித்துக்கொண்டிருந்தது.) மிஷின் நிற்கும் இரும்புச் சட்டத்தில் நான்கு தகர டப்பாக்களை போல்ட் போட்டு முடுக்கினேன். ஒவ்வொன்றிலும் முக்கால் அளவுக்கு சைக்கிள் சக்கரத்துக்குள் போடும் இரும்புக் குண்டுகள். சட்டம் ஆடினால் குண்டுகள் உருண்டு ஒன்றோடொன்று மோதி அந்த ஆட்டத்தைத் தின்றுவிடும். உருள இடம் வேண்டும், அதனால்தான் முக்கால். இதை அரைமணி நேரம் விளக்கினேன். ஆவுடையப்பன் ஏழு கொட்டாவி விட்டான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓட்டிப் பார்த்தோம். மிஷின் சாதுவாக நின்றது.

மறுநாள் காலை சாமுவேல் சார் இறங்கி வந்தார். சட்டத்தின்மேல் தளும்பத் தளும்ப ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, ஒரு சொட்டுகூடச் சிந்தாது என்று சவால் விட்டேன். (இந்தத் திமிர் எனக்குத் தேவையா?) மச்சினன் சுவிட்சைப் போட்டான். டம்ளர் விளிம்புவரை நடந்துபோய் அவருடைய சலவை வேட்டியில் கவிழ்ந்தது.

"இதுக்கா வே இம்புட்டுப் படிச்சீரு?" என்றார்.

டப்பாவைத் திறந்தேன். வாய்வரை பச்சரிசி. அதன்மேல் குங்குமம்.

"நாந்தான் அண்ணே நெரப்புனேன்," என்றாள் மச்சினன் மனைவி கோமதி. "தொழில் செய்யுத எடத்துல, வெள்ளிக்கெழமையும் அதுவுமா, குறையா வைக்கலாமா? அமுக்கி அமுக்கிப் போட்டேன். இன்னும் ரெண்டு பிடி கொண்டுச்சு."

குண்டுகள் அசையக்கூட இடமில்லை. அரிசி முழுவதையும் நானே தோண்டி எடுத்துவிட்டு மறுபடி ஓட்டச் சொன்னேன். இரண்டாவது டம்ளர் அசையவில்லை. மில் பிழைத்தது. நான் பிழைக்கவில்லை.

"அரிசி இருந்தா ஆடுது, எடுத்தா நிக்குது," சாமுவேல் சார் வேட்டியைப் பிழிந்துகொண்டே சொன்னார். "அப்போ அரிசிதான கோளாறு? டப்பாவை எதுக்குவே மாட்டுனீரு?"

(இவர் கணக்கு வாத்தியாராக இருந்தவராம்.)

இன்றுவரை எந்த விசேஷ வீட்டுப் பந்தியிலும் எனக்கு மட்டும் முக்கால் கிண்ணம் பாயசம்தான். "அத்தானுக்கு உருள எடம் வேணும்லா," என்பான் ஆவுடையப்பன். பந்தியே சிரிக்கும். பாயசம் உருளாது என்று எத்தனை பேருக்குச் சொல்வது? இதுவரை பன்னிரண்டு விசேஷம். எனக்கு வரவேண்டியது மூன்று முழுக் கிண்ணம்.