குதிரை வைத்தியப் புத்தகம் கிடைத்த விவரம்

அன்புள்ள மைத்துனருக்கு,

உன் அக்கா புருஷன் எழுதிக்கொள்வது. நான் சுகம். உன் சுகத்தைப் பதினொரு வருஷமாகக் கேட்காததற்கும் சேர்த்து இப்போது கேட்கிறேன். முதலில் 'நீங்கள்' என்று மரியாதையாக ஆரம்பித்து ஒரு தாளை வீணடித்தேன். அரை டவுசரில் பார்த்த பையனை 'நீங்கள்' என்று எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. இதற்கும் கோபம் வந்தால் இருக்கிற கோபத்தோடு சேர்த்து வைத்துக்கொள். உன் முழங்கால் வலி தேவலையா? பழைய வலியை விசாரிக்கிறேனோ என்னவோ, எனக்குத் தெரிந்தது அதுதான்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ பொறுமைக்குப் பேர்போனவன் இல்லை, பாதியில் கிழித்தாலும் கிழிப்பாய். உன் அப்பாவின் குதிரை வைத்தியப் புத்தகம் கிடைத்துவிட்டது. உன் அக்கா அதை விற்கவில்லை. அவள் போய் நாலு மாசம் ஆகிறது; அன்றைக்கு நீ தெருமுனை வரை வந்து, வண்டியை விட்டு இறங்காமலே திரும்பிப் போனதை நான் மாடியிலிருந்து பார்த்தேன். அன்றே முடிவு பண்ணினேன், இந்தப் புத்தகம் எங்கே போனது என்று கண்டுபிடித்து உன் முகத்துக்கு நேரே நீட்டாமல் விடுவதில்லை என்று. நம் குடும்பத்தில் எவனும் குதிரையைக் கிட்டத்தில் பார்த்தவன் கிடையாது. ஆனாலும் உன் அப்பா யாருக்குச் சளி பிடித்தாலும் அதைத்தான் புரட்டுவார், குதிரைக்கு எழுதியதைக் கால்வாசியாகக் குறைத்து நமக்குக் கொடுப்பார். அவர் போன பிறகு அது பெட்டியில் இல்லை என்றதும் நீ நேரே எங்கள் வாசலில் வந்து நின்று, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் கேட்க, "அப்பா புத்தகத்தத் திருடி வித்துட்டியே"ன்னு கத்திட்டுப் போனாய். அவளாவது வாயைத் திறந்தாளா? "பத்திரமா இருக்கு, அவ்வளவுதான் சொல்லுவேன்"னு என்னிடமே கதவைச் சாத்திக்கொண்டவள் அவள். உனக்கு ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் இந்தப் பதினொரு வருஷம் மிச்சம். அக்காவும் தம்பியும் பிடிவாதத்தில் ஒரே அச்சு, நடுவில் ஒரு பாவமும் அறியாத நான்.

அவள் முப்பது வருஷம் பழைய அச்சுப் புத்தகங்களுக்குப் பட்டியல் போட்ட அந்த நூலகத்துக்கே போனேன். இப்போது பட்டியலெல்லாம் கம்ப்யூட்டரில். நான் லிஃப்ட் மெக்கானிக், பொத்தான்களோடு குடித்தனம் நடத்தியவன், இதென்ன பிரமாதம் என்று உட்கார்ந்து 'மாமனார் புத்தகம்' என்று அடித்தேன். ஒன்றுமில்லை என்றது. 'குதிரை' என்று அடித்தேன். சதுரங்கம் ஆடுவதைப் பற்றி இரண்டு புத்தகம் வந்தது. 'வைத்தியம்' என்றேன், இரண்டாயிரத்துச் சொச்சம் வந்து விழுந்தது, அதில் ஒவ்வொன்றுக்கும் தலைப்பு ஒரு முழ நீளம்: இன்னார் வேண்டுகோளின்படி இன்னார் இயற்றியதை இன்னார் பிழைதீர்த்து இன்னாரது அச்சுக்கூடத்தில் பதிப்பித்தது. அந்தக் காலத்தில் தலைப்பைப் படித்து முடித்தவன் புத்தகத்தைத் தனியாகப் படித்திருக்கவே மாட்டான். எழுபதாவது தலைப்பில் கண் இருட்டிக்கொண்டு வந்து, ஏதோ ஒரு பொத்தானை அழுத்த, அந்த அறையிலிருந்த பிரின்டர் ஓட ஆரம்பித்தது. நிறுத்தத் தெரியவில்லை. தாள் தரையெல்லாம் விழுந்தது. படித்துக்கொண்டிருந்த ஒரு பேராசிரியர் எழுந்து நின்று என்னையே பார்த்தார். மேஜையில் இருந்த பெண் ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

நல்ல பெண். திட்டவில்லை. "ஆசிரியர் பேர் என்ன சார்?" என்றாள். "முதல் பக்கமே கிடையாதும்மா" என்றேன். "அச்சடிச்ச வருஷம்?" "அதுவும் அந்தப் பக்கத்துலதானே இருந்திருக்கும்." "அப்ப உங்களுக்கு என்னதான் சார் தெரியும்?" "அதுல எங்கெங்க அடிபட்டிருக்குன்னு தெரியும்" என்றேன். வேடிக்கைக்குச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "இத மொதல்லயே சொல்லக் கூடாதா? பிரதிக் குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு சார். ஒவ்வொரு பிரதியிலயும் கிழிசல், கறை, பூச்சி அரிச்சது எல்லாத்தையும் அதுல எழுதி வச்சிருப்போம். குறையச் சொல்லுங்க, புத்தகத்தப் பிடிச்சுடலாம்." முதலில் என் குறையைச் சொன்னேன்: நான் ஒரு தடவை அதில் கொட்டிய காபியின் கறை. நூற்றிப் பதினேழு வந்தது. பிறகு உன் குறையைச் சொன்னேன்: ஆறு வயதில் அதிலிருந்த குதிரைப் படங்களை நீ கத்தரிக்கோலால் வெட்டிச் சுவரில் ஒட்டியது. ஒன்றே ஒன்று வந்தது.

அதை அப்படியே பார்த்து எழுதுகிறேன். "தலைப்பேடு இல்லை. முதல் நான்கு தாள்கள் இல்லை. 52ஆம் பக்கத்தில் காபிக் கறை. 31, 48, 77ஆம் பக்கங்களில் குதிரைப் படங்கள் கத்தரிக்கப்பட்டுள்ளன; சிறுவர் கைவேலை, மிக நேர்த்தியானது." கீழே உரிமையாளர் என்ற இடத்தில் உன் பெயர், அப்பா பெயரோடு முழுசாக. "செப்பனிட்டுப் பாதுகாக்க வைத்தது. உரிமையாளர் கேட்டதும் திருப்பித் தரவேண்டும்." தேதியைப் பார்த்தேன், நீ வந்து கத்தியதற்கு மூன்று நாள் முன்னால். "மேடம் போட்ட பதிவு சார்" என்றாள் அந்தப் பெண். "நேர்த்தின்னெல்லாம் குறிப்புல எழுதக் கூடாது, எங்களுக்குப் பாடம் எடுத்ததே அவங்கதான். இங்க மட்டும் எப்படி எழுதுனாங்கன்னு தெரியல." எனக்குத் தெரிந்தது. கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏன் உன்னைக் கேட்காமல் எடுத்தாள் என்பாய். பதிவைப் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்கு ஞாபகம் வந்து சொன்னாள்: கிழிந்த பக்கங்களுக்கு செலோடேப் ஒட்டப்போவதாக நீ சொன்னாயாமே. அந்த வார்த்தையைக் கேட்டால் அவள் நூலகத்தில் எல்லாருக்கும் உடம்பு நடுங்கும், பசை தாளைத் தின்றுவிடுமாம். உன்னிடம் வாதாடி ஜெயிக்க முடியாதென்று தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். தப்புதான். ஆனால் திருட்டு இல்லையப்பா.

நீ வந்து ஒரு கையெழுத்துப் போட்டால் தருவார்கள். அடையாள அட்டை கொண்டு வா. என்னைப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், வீட்டில் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும். உன் அக்கா இருந்தால் என்ன சொல்வாளோ அதையே நானும் சொல்லி முடிக்கிறேன்: நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அக்கா புருஷன்

பின்குறிப்பு: மேலே உன் அக்காவைப் பிடிவாதக்காரி என்று எழுதியது பொய். நீ கத்திவிட்டுப் போன மூன்றாம் நாள் உனக்குக் கடிதம் எழுதி, உறையை ஒட்டி, "தபால்ல போட்டா படிக்க மாட்டான், கையில குடுத்துட்டு வாங்க"ன்னு என்னிடம் கொடுத்தாள். வந்தேன். நீ வாசலில் நாலு பேரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாய். இவள் அங்கே மூன்று நாளாகச் சாப்பிடாமல் கிடக்கிறாள், இவனுக்குச் சிரிப்பு வருகிறதா என்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. திரும்பி நடந்து, சாக்கடையோரம் நின்று கிழித்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து கொடுத்துவிட்டேன் என்றேன். "என்ன சொன்னான்?" என்றாள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே பதினொரு வருஷம் போய்விட்டது. அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருப்பாள் என்று புத்தகத்தைக் கண்டுபிடித்தாவது தெரிந்துகொள்ளத்தான் நூலகத்துக்குப் போனேன். உன் முகத்துக்கு நேரே நீட்ட எனக்கு ஏது யோக்கியதை? ஆஸ்பத்திரியில் கடைசி நாள் உன்னைப் பற்றித்தான் பேசினாள். "பதில் போடலன்னாலும் அவன் படிச்சிருப்பான்ல? அது போதும்"னாள். ஆமாம், படித்தான் என்று சொன்னேன்.